குளத்துக்கும் காட்டுக்கும் யார் பொறுப்பு? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கமக்காரர் அமைப்புக் கூட்டங்களிலும் பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் சூழலைப் பற்றிப் பேசப்போனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

போரில் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களிடம் "பூமியைக் காப்பாற்று" என்று சொல்வது நியாயமா?

அப்படி மொட்டையாகச் சொன்னால் நியாயமில்லை. உலகம் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் முழு இலங்கையின் பங்கே 0.1 சதவீதத்துக்குக் குறைவு. ஓர் இலங்கையருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1 தொன் வரும். உலகச் சராசரி 4 தொன்னுக்கு மேல். விறகடுப்பில் சமைத்து, சைக்கிளில் வயலுக்குப் போய்வரும் ஒரு குடும்பத்தில் ஆளுக்கு அந்த 1 தொன்கூட வராது. வானம் சூடானதற்கான கணக்கில் நம்முடைய பெயர் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது. முதல் பக்கத்தில் இருப்பவர்கள்தான் முதலில் செலவழிக்க வேண்டும்.

ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. பேராற்று மணலை ஐரோப்பாவில் இருந்து வந்து யாரும் அள்ளவில்லை. முதிரை மரத்தை இரவில் அறுத்து ஏற்றியவரும், குளத்துத் தண்ணீர் ஏறியிறங்கும் அலைகரைக்குள் வேலி போட்டவரும் நம்மவர்தான். அந்தக் கணக்கை வெளிநாட்டான் தலையில் கட்ட முடியாது.

இரண்டு கணக்குக்கும் நான் ஒரே அளவுகோலைத்தான் வைக்கிறேன். பலன் எடுத்த அளவுக்குத்தான் பொறுப்பு. காய்ந்த விறகு பொறுக்கும் அம்மாவையும், நாலு டிப்பர் ஓடவிடும் முதலாளியையும் ஒரே வாங்கில் இருத்தி "நாம் எல்லோரும் பொறுப்பு" என்று வகுப்பெடுப்பது எனக்கு ஒத்துவராத வேலை.

வன்னியில்தான் எங்கு பார்த்தாலும் காடாக இருக்கிறதே, பிறகு என்ன கவலை?

முல்லைத்தீவு மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட நிலம் காடு என்பது உண்மை. செய்மதிப் படத்தில் பச்சையாகத் தெரியும். உள்ளே நடந்து பார்த்தால் வேறு கதை. விலைபோகும் முதிரையும் பாலையும் கருங்காலியும் பொறுக்கி எடுக்கப்பட்டு, அடிக்கட்டைகளைச் சுற்றிப் பற்றை மண்டிய இடங்கள் நிறைய. இவை வறண்ட வலயத்து மரங்கள். ஆண்டில் சில மாதம் மழை, மீதி வெயில் என்று வாழ்ந்து மெல்ல மெல்ல வைரம் ஏறுபவை. இன்று ஒரு பாலையை வெட்டினால், அதே பருமனில் இன்னொன்றைக் காண வெட்டியவரின் பேரப்பிள்ளைக்கும் வாய்க்காது. ஆனி, ஆடியில் ஏ9 வீதியோரம் பாலைப்பழம் விற்று ஒருமாதச் செலவைச் சமாளிக்கும் குடும்பங்களுக்கு அதன் பெறுமதி தெரியும்.

இதில் ஒரு மனக்குறையும் எனக்கு உண்டு. நாட்டின் காட்டுப் பரப்பை 2030க்குள் 32 சதவீதமாக்குவோம் என்று அரசாங்கம் உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. நல்ல விடயம். ஆனால் தெற்கில் தேயிலைக்கும் இறப்பருக்கும் எப்போதோ அழித்த காட்டுக்கு, வடக்கில் மிஞ்சியிருக்கும் காட்டைக் காட்டிக் கணக்கை நேராக்குவதென்றால், அந்தக் காட்டோடு வாழும் கிராமத்துக்கு அதற்கு ஈடாக ஏதாவது கிடைக்க வேண்டும். இப்போது கிடைப்பது யானையும் எல்லைக்கல்லும்தான்.

எல்லைக்கல் என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் வயற்காணிக்குள் வனவளத் திணைக்களம் கல் போட்டிருக்கிறது. அதையும் காடு என்று ஏற்க வேண்டுமா?

ஏற்கத் தேவையில்லை. இடம்பெயர்ந்து பல ஆண்டு ஆள் இல்லாமல் கிடந்த வயலில் பற்றை வளரத்தான் செய்யும். அதைப் பார்த்து "காடு" என்று எழுதியது காகிதத்தில் நடந்த வேலை. உறுதியோ அனுமதிப்பத்திரமோ இருந்தால் அதோடும், கமநல சேவை நிலையத்து நெற்காணிப் பதிவோடும் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். பத்திரம் போரில் தொலைந்திருந்தால் நிலமே சாட்சி சொல்லும். பழைய கிணறு, வரம்பு, சிறுகுளத்துக் கட்டு, நட்டு வளர்த்த புளியும் மாவும் எல்லாம் படமெடுத்துக் கொடுங்கள். தனித்தனியே போகாமல் ஊராகப் போனால் கேட்பார்கள்.

ஒரு விடயத்தை மறைக்கக்கூடாது. இந்த நியாயமான குறையைச் சாட்டாக வைத்து, அப்பனும் பாட்டனும் உழாத காட்டை ஏக்கர் கணக்கில் வெட்டிப் பிடித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களால்தான் உண்மையான காணிக்காரனின் முறைப்பாடும் சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறது.

எங்கள் ஊர்க் குளத்துக்கு ஏன் முன்போல் தண்ணீர் வருவதில்லை?

அநேகமாகக் காரணம் உங்கள் குளத்தில் இருக்காது. அதற்கு மேலே இருக்கும்.

வன்னியின் சிறுகுளங்கள் தனித்தனியாகக் கட்டப்பட்டவை அல்ல. ஒரு சிறு பள்ளத்தாக்கின் தலைப்பில் ஒரு குளம். அது நிரம்பி வான் பாய்ந்தால் அடுத்த குளத்துக்கு. அதன் கீழுள்ள வயலில் இருந்து கழியும் தண்ணீரும் அடுத்ததற்கே. இப்படித் தொடராக இறங்கி, கடைசியில் ஒரு பெருங்குளத்திலோ ஆற்றிலோ சேரும். ஒரே மழைத்துளி மூன்று நான்கு ஊருக்கு வேலை செய்துவிட்டுத்தான் கடலுக்குப் போகும். இலங்கையின் வறண்ட வலயத்துக் குளத்தொடர் முறையை 2017இல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

குளத்துக்கு மேலே இருந்த காடு மழைத்தண்ணீரை வேகம் குறைத்து இறக்கியது. அலைகரையோரம் நின்ற புல்லும் மருதும் நாவலும் வண்டலைப் பிடித்துவைத்தன. காற்றையும் தடுத்து ஆவியாகும் தண்ணீரைக் குறைத்தன. கட்டுக்கும் வயலுக்கும் இடையில் மரங்கள் நின்ற துண்டு, கசிந்துவரும் உவரை உறிஞ்சியது. இவற்றில் ஒன்றை வெட்டினாலும் விளைவு குளத்தில் தெரியும். மேலே காடு வெளியானால் மண் அடித்துவந்து குளம் தூர்ந்துபோகும். தூர்ந்த குளம் கார்த்திகையில் சீக்கிரம் வான் பாயும். பங்குனியில் சீக்கிரம் வற்றும். இரண்டையும் பார்த்துவிட்டு "மழை சரியில்லை" என்கிறோம்.

அப்புறம் புனரமைப்பு என்று வரும் பணம் பெரும்பாலும் கட்டு உயர்த்தவும் துருசு (மதகு) மாற்றவும்தான் போகிறது. கட்டு கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழா வைக்கலாம். மேலேயுள்ள காட்டை விட்டுவைத்ததற்கு யாரும் நாடா வெட்டுவதில்லை.

இன்னொன்று. மேற்குளத்துக்காரர் வாய்க்காலை மறித்தாலும், காட்டை வெட்டினாலும், நஷ்டம் அவருக்கு அல்ல, கீழ்க்குளத்துக்காரருக்கு. பழைய ஊர் ஒழுங்கில் குளக்கட்டில் ஐயனாரும் பிள்ளையாரும் இருந்தார்கள், தண்ணீரைப் பங்கிட்டுவிடும் தண்ணீர் விதானையும் இருந்தார். இன்று ஒவ்வொரு குளத்துக்கும் தனித்தனிக் கமக்காரர் அமைப்பு இருக்கிறது, தொடருக்கு ஒன்று இல்லை. என்னைக் கேட்டால் வன்னியில் உடனே தொடங்க வேண்டியது அதுதான். ஒரு தொடரில் உள்ள எல்லாக் குளத்துக்காரரும் விதைப்புக்கு முன் ஒரே கூட்டத்தில் இருக்க வேண்டும்.

அப்படியென்றால் இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்க மறுத்தது தவறா?

சிக்கலான கேள்வி. கனகராயன் ஆற்றை மறித்து 1920களில் கட்டிமுடித்த இரணைமடு, கிளிநொச்சி நெல்லின் உயிர்நாடி. மழை குறைந்த சிறுபோகத்துக்கு முழு வயலுக்கும் தண்ணீர் காணாமல் பங்குபோட்டு விதைக்கும் கமக்காரர், குழாய் போட்டு வடக்கே கொண்டுபோகப் போகிறார்கள் என்றதும் எதிர்த்ததில் நியாயம் இருந்தது. யாழ்ப்பாணத்துக்கும் வேறு வழி குறைவு. ஆறு கிடையாது, சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் கிணற்றுத் தண்ணீரில் உவரும் பசளையின் நைத்திரேற்றும் கலந்துவிட்டன. இறுதியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலை 2024இல் திறக்கப்பட்டது.

கடல்நீரைக் குடிநீராக்க மின்சாரம் நிறையச் செலவாகும், எஞ்சும் கடும் உவர்நீரையும் எங்காவது விடவேண்டும். ஆகவே அது இலவசத் தீர்வு அல்ல. மழை அதிகமான ஆண்டுகளில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து கடல்நீரேரிக்குள் போகும் தண்ணீரைப் பற்றி இரண்டு மாவட்டமும் சண்டையில்லாமல் பேசியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆற்றில்தான் மணல் ஒவ்வொரு மாரிக்கும் வருகிறதே, அள்ளினால் என்ன?

வருகிறது. ஆனால் டிப்பர் வேகத்தில் வருவதில்லை. குளங்கள் கட்டி மறித்த ஆறுகளில் வரும் மணலும் குறைவு; பெரும்பகுதி குளத்துக்குள்ளேயே தங்கிவிடும்.

வன்னி ஆறுகள் ஆண்டில் பல மாதம் மேலே காய்ந்து கிடக்கும். ஆனாலும் மணலைக் கையால் தோண்டினால் ஊறும். அந்த மணல்படுக்கைதான் வெயில்படாத தொட்டி. ஆவியாகாமல் தண்ணீரை வைத்திருந்து கரையிலுள்ள கிணறுகளுக்குக் கசியவிடும். படுக்கையைக் களிமண் தெரிய வழித்தெடுத்தால் தொட்டி போய்விட்டது. அடுத்த மாரித் தண்ணீர் நிற்காமல் ஓடும், வைகாசியில் கிணறு அடிகாணும். ஆழமாகத் தோண்டிய இடத்தில் கரை இடியும், கரையோடு மருதமரமும் பாதையும் போகும். கடலோரமாக அள்ளினால் உவர்நீர் உள்ளே ஏறும். பாலத்தின் தூண்களுக்கு அருகில் அள்ளினால் என்ன நடக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

2009க்குப் பிறகு ஒரே நேரத்தில் வீடு, வீதி, பாடசாலை எல்லாம் கட்டவேண்டி வந்தது. மணல் தேவைப்பட்டது உண்மை. யாரும் மணல் இல்லாமல் வீடு கட்டவில்லை, நானும் கட்டவில்லை. அதனால் "மணலே அள்ளக்கூடாது" என்று பேசுவதில் அர்த்தமில்லை. புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி, எந்த இடம், எவ்வளவு ஆழம், எத்தனை கியூப் என்ற கட்டுப்பாடு, பகலில் ஏற்றுவது ஆகியவற்றோடு நடந்தால் ஆறு தாங்கும். ஒரு அனுமதிப்பத்திரத்தைக் காட்டி இரவு முழுக்கப் பல வண்டி ஓடுவதைத் தாங்காது. வீடு கட்டுபவரும் மணல் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கேட்கலாம். கேட்டால் விலை கொஞ்சம் கூடும்.

யானைக்காகப் பேசுகிறவர்கள் ஒரு இரவு எங்கள் வயல் காவற்கொட்டிலில் இருந்து பார்ப்பார்களா?

இருந்து பார்க்கத்தான் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள். 2019இல் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 120க்கு மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். இரண்டு பக்கமும் தோற்கும் சண்டை.

யானைகளைச் சரணாலயத்துக்குள் துரத்தி வேலி போட்டுவிடலாம் என்பது பல ஆண்டு நடந்த வேலை. பலன் இல்லை. நாட்டின் யானைகளில் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட எல்லைகளுக்கு வெளியேதான் வாழ்கின்றன; உள்ளே அடைத்தவை இரையில்லாமல் மெலிந்தன, மற்றவை வேலியைச் சுற்றி வந்தன. வனசீவராசிகள் திணைக்களக் காட்டுக்கும் வனவளத் திணைக்களக் காட்டுக்கும் நடுவில் மின்வேலி போட்டால் இரண்டு பக்கமும் யானை நிற்கும். ஆய்வாளர்கள் இப்போது சொல்வது, யானையைச் சுற்றி அல்ல, ஊரைச் சுற்றி வேலி போடுங்கள் என்று. கிராமத்துக்கு நிரந்தர வேலி; வயலுக்கு விதைப்பில் இருந்து அறுவடை வரை மட்டும் வேலி, பிறகு கழற்றிவிடுவது. அரிவாள் வைத்த பிறகு மிஞ்சும் தாளை யானை தின்றுவிட்டுப் போகட்டும்.

வேலியைப் பராமரிப்பது ஊர்தான். கொடி படர்ந்து மின்சாரம் இறங்கிவிட்டால் யானை அன்றே கண்டுபிடித்துவிடும், அதற்கு எங்களைவிட மூளை கூட. தீனிக்குள் வெடி வைப்பதும், வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுவதும் சட்டவிரோதம் என்பதைவிட, அதில் மாடும் மனிதனும் செத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் போதும். யானை வந்தால் அழைக்கும் தொலைபேசி இலக்கம் 1992.

பசளையும் நாசினியும் இல்லாமல் நெல் விளையுமா?

விளையும், ஆனால் ஒரே இரவில் அல்ல. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, அதே ஆண்டு கார்த்திகையில் தடையை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் மாரிமழையில் செய்யும் காலபோகம் அடிபட்டது. சேதன விவசாயம் என்ற சொல்லுக்கே கெட்ட பெயர் வந்ததுதான் அதில் மிஞ்சிய பெரிய நஷ்டம். மண்ணைப் பழக்க ஆண்டுகள் வேண்டும், எருவுக்கு மாடு வேண்டும், மாட்டுக்கு மேய்ச்சல்தரை வேண்டும். மேய்ச்சல்தரையை ஒதுக்காமல் எரு பற்றிப் பேசுவது வெறும் பேச்சு.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை உண்டு. மண்ணைப் பரிசோதித்துப் பசளையின் அளவைக் குறைக்கலாம். நெல்லுக்குப் பின் உழுந்தோ பயறோ போடலாம், அவை நைதரசனை மண்ணில் விடும். தண்ணீரை எப்போதும் கட்டிவைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் தண்ணீரும் மிஞ்சும், வயலில் இருந்து கிளம்பும் மெதேனும் குறையும். நாசினிப் போத்தலை வாய்க்காலில் கழுவாதீர்கள். வவுனியாவின் சில பகுதிகளிலும் பரவியிருக்கும் சிறுநீரக நோய்க்குக் காரணம் இதுதான் என்று விஞ்ஞானிகள் முடிவாகச் சொல்லவில்லை. ஆனால் குடிக்கும் தண்ணீரில் நஞ்சு கலக்கக்கூடாது என்பதற்கு ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

தேக்கு நட்டால் அதுவும் காடுதானே?

இல்லை. அது மரத்தோட்டம்.

மன்னார்க் காற்றாலைகள் நல்லவையா, கெட்டவையா?

காற்றில் மின்சாரம் எடுப்பது நல்லது. நிலக்கரியை எரிப்பதைவிட எவ்வளவோ மேல். மன்னார்த் தீவில் 30 காற்றாலைகள் கொண்ட 100 மெகாவாற் 'தம்பபவனி' திட்டம் 2020 இறுதியில் திறக்கப்பட்டது. கேள்வி இடத்தைப் பற்றியது. மன்னார் ஒடுங்கிய, தாழ்ந்த மணல்தீவு. மத்திய ஆசியாவில் இருந்து வரும் வலசைப் பறவைகளின் பாதையின் முடிவிடம். அருகிலுள்ள வங்காலை 2010இல் உலக முக்கியத்துவம் உள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. காற்றாலைப் பாதைகளால் வெள்ளம் வடியவில்லை என்பது தீவுச் சனங்களின் முறைப்பாடு. இல்மனைற் என்ற கனிமத்துக்கான மணல் அகழ்வுத் திட்டமும் சேர, 2025இல் நீண்ட போராட்டம் நடந்தது. அதானி நிறுவனம் மன்னார், பூநகரித் திட்டத்தில் இருந்து அதே ஆண்டு மாசியில் விலகியதற்கு அவர்கள் சொன்ன காரணம் வேறு, விலை பற்றியது.

உலகத்தின் சூட்டைக் குறைக்கும் வேலையை ஊரின் வாய்க்காலை அடைத்துச் செய்யத் தேவையில்லை. பெருநிலத்தில் பயிர் செய்யாத வெளிகள் இருக்கின்றன. ஊரைக் கேட்டு இடம் தேர்ந்தால் சண்டை பாதி குறையும்.

கடலைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

பேச வேண்டும், அது தனிக் கட்டுரை. சுருக்கமாக: இழுவைமடி கடலின் அடித்தரையையே வழித்துப்போகும், 2017இல் இலங்கைச் சட்டம் அதைத் தடைசெய்துவிட்டது. இந்திய இழுவைப் படகுகள் முல்லைத்தீவு வரை வந்து அள்ளுவது பற்றி நாம் கோபப்படுவது சரி. அதே வாயால் நம்மவர் போடும் டைனமைற்றையும் கேட்க வேண்டும்.

மழை மாறிவிட்டது என்கிறார்களே, உண்மையா?

2024, தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தைவிட 1.5 பாகைக்கு மேல் சூடான முதல் ஆண்டு என்று உலக வானிலை அமைப்பு பதிவு செய்திருக்கிறது. சூடான காற்று கூடுதல் ஈரத்தைத் தாங்கும். விடும்போது ஒரேயடியாக விடும். வன்னியில் அதன் முகத்தைப் பார்த்துவிட்டோம். 2016, 2017இல் கடும் வறட்சி. 2018 மார்கழியில் ஓர் இரவு கொட்டிய மழையில் இரணைமடுக் கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மீண்டும் பாடசாலைகளில் தங்கின. வெள்ள வாய்க்காலை மறித்துக் கட்டிய மதில்களுக்கும் அதில் பங்கு உண்டு. அனர்த்த உதவிக்கு 117.

பொலித்தீனை எரித்தால் சுத்தமாகிவிடும்தானே?

கண்ணுக்குத்தான். புகையில் டயொக்சின் என்ற நஞ்சு வரும், அதை முதலில் மூச்செடுப்பது எரிப்பவரின் பிள்ளை. சோறு கட்டும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீற் 2017இலேயே தடைசெய்யப்பட்டது. சாப்பாட்டுக் கடையில் இன்னும் அதில்தான் கட்டித்தருகிறார்கள். வாழையிலையில் கேளுங்கள்.

மரம் நடும் திட்டத்துக்குப் பிள்ளைகளைக் காட்டோரம் கூட்டிப்போகலாமா?

மிதிவெடி அகற்றிக் கையளித்த இடமா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்யாமல் போகக்கூடாது. இலங்கை 2017இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது, அகற்றும் வேலை இன்னும் நடக்கிறது. மண்டையோட்டுப் பலகையோ சிவப்புக் குறியோ கண்டால் வந்த வழியே திரும்புங்கள். மண்ணுக்கும் நாம் விட்டுவைத்த கடன் இது. மணல், மரம் என்று பேசுகிறவர்கள் இதை ஏனோ சூழல் பிரச்சினையாக எண்ணுவதில்லை.

மணல், மரக் கடத்தலைப் பற்றி முறையிட்டால் வீட்டுக்கு வந்து மிரட்டுகிறார்களே?

அந்தப் பயம் நியாயமானது. தனி ஆளாக, தனிப் பெயரில் எழுதாதீர்கள். கமக்காரர் அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில் பரிபாலனசபை என்று அமைப்பின் கடிதத்தலைப்பில், திகதி, இடம், வண்டி இலக்கத்தோடு எழுதி, பிரதேச செயலாளருக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் பொலிசுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். ஒரு அலுவலகத்தில் கோப்பு தூங்கினாலும் மற்றது கேட்கும். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் "இந்த ஆற்றில் யார் யாருக்கு, எவ்வளவு மணலுக்கு அனுமதி கொடுத்தீர்கள்" என்று எழுத்தில் கேட்கலாம். அந்த ஒரு கேள்விக்குப் பல அலுவலகங்கள் வேகமாக எழும்பும்.

சரி, எங்கள் வீட்டில் ஒரு வேலை தொடங்குவதென்றால் எது?

பனை. போரில் இரண்டு பக்கமும் பதுங்குகுழிக்குத் தறித்ததில் தோப்புத் தோப்பாகப் போய்விட்டது. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். விதையைப் பொறுக்கி மாரி தொடங்குமுன் குளக்கட்டுக்குக் கீழே, வேலியோரம், வாய்க்கால் கரையில் புதைத்துவிடுங்கள். குளக்கட்டின் மேல் மட்டும் வேண்டாம், வேர் கட்டைத் துளைக்கும். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. மாடு கடிக்காமல் முதல் சில ஆண்டு முள்ளுக் கட்டினால் போதும். வளர்ந்த பனையைத் தறிக்க அனுமதி எடுக்க வேண்டும் என்ற சட்டம் 1951இல் இருந்து இருக்கிறது. நடுவதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை.